காதல், களவு, காமெடி: நட்சத்திரப் படங்களை விமர்சகர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

1932இல் வந்த 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தில் ஓர் இரவு விருந்து. வெனிஸ் நகரத்தில் ஒரு ஹோட்டல் அறை. அவன் தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொள்கிறான், அவள் தன்னைச் சீமாட்டி என்று சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் இருவருமே திருடர்கள். சாப்பாட்டுக்கு நடுவே அவன் அவளைப் பிடித்து உலுக்க, அவள் அடித்து வைத்திருந்த பர்ஸ் கீழே விழுகிறது. அப்புறம் அவள் உடையில் குத்தியிருந்த நகையை அவன் நிதானமாக எடுத்துத் திருப்பித் தருகிறான். அவன் தன் பாக்கெட் கடிகாரத்தைத் தேடும்போது அது அவளிடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் மெதுவாக ஓடியது, சரிசெய்து வைத்திருக்கிறேன் என்கிறாள். கடைசியில், அவளுடைய காலுறைப் பட்டையைத் தானே வைத்துக்கொள்வதாக அவன் சொல்கிறான். அவள் தொட்டுப் பார்க்கிறாள், காணவில்லை. அடுத்த கணம் பாய்ந்து வந்து அவன் மடியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

எர்ன்ஸ்ட் லூபிச் இயக்கிய இந்தக் காட்சி புரிந்துவிட்டால், 'ரொமான்டிக் க்ரைம் காமெடி' என்ற வகை பாதி புரிந்த மாதிரி. இங்கே திருட்டு ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கவில்லை. திருடுவதுதான் காதலிப்பது. ஒருவரின் கைத்திறனை மற்றவர் ரசிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருவதும் அதனால்தான். மூன்றும் ஒரே அசைவில் நடக்கின்றன.

விமர்சகர்கள் இந்த வகைப் படத்துக்குப் போகும்போது முதலில் தேடுவது இந்த ஒட்டுதலைத்தான். குற்றம் கனமாகிவிட்டால் காதல் அற்பமாகத் தெரியும். காமெடி மிஞ்சிவிட்டால் துப்பாக்கி பொம்மையாகத் தெரியும், யாருக்கும் எதுவும் ஆகாது என்று பார்க்கிறவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். காதல் மட்டும் இழுத்துக்கொண்டு போனால், நடுநடுவே வரும் கடத்தலும் கொலை மிரட்டலும் தெரியாமல் உள்ளே வந்துவிட்ட வேறு படத்தின் துண்டுகள் போல நிற்கும். விமர்சனங்களில் 'தொனி' என்ற சொல் அடிக்கடி வருவது இதைக் குறிக்கத்தான். படம் எந்தக் குரலில் நம்மிடம் பேசுகிறது, அந்தக் குரல் நடுவழியில் மாறுகிறதா, மாறினால் காரணத்தோடு மாறுகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

சரி, 'விமர்சன வரவேற்பு' என்றால் என்ன? ஒரு விமர்சகர் எழுதியது விமர்சனம். பலர் எழுதியதும், அவை சேர்ந்து படத்துக்கு உண்டாக்கிய பெயரும்தான் வரவேற்பு. அது ஒரே நாளில் முடிகிற விஷயமும் இல்லை. வெளியாகும் வாரத்தில் பத்திரிகை விமர்சகர்கள் பேசுவார்கள். முதல் நாள் பார்த்தவர்கள் வெளியே வந்து ஒன்று சொல்வார்கள். இரண்டாவது வாரக் கூட்டம் இன்னொன்று சொல்லும். ஆண்டு முடிவில் விருதுகள் வரும். பத்து இருபது வருடம் கழித்து யாரோ அதே படத்தை மறுபடி பார்த்துவிட்டு, அன்றைக்கு எல்லாரும் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று எழுதுவார்கள். இந்தக் குரல்கள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். முரண்படும் இடத்தில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க 2003இல் வந்த 'ஜீலி'யை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பென் அஃப்லெக்கும் ஜெனிஃபர் லோபஸும் நடித்த படம். மார்ட்டின் பிரெஸ்ட் எழுதி இயக்கினார். லாஸ் ஏஞ்சலஸில் லாரி ஜீலி என்று ஒரு கீழ்மட்ட அடியாள். அரசு வழக்கறிஞர் ஒருவரின் தம்பியைக் கடத்தி வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தம்பி மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞன். ஜீலி சொதப்பிவிடுவான் என்ற சந்தேகத்தில் அவனைக் கண்காணிக்க ரிக்கி என்ற பெண்ணையும் அனுப்புகிறார்கள். ரிக்கிக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு. ஆனாலும் இருவருக்கும் நடுவே காதல் மாதிரி ஒன்று வளர்கிறது. அல் பசினோவும் கிறிஸ்டோபர் வாக்கனும் ஆளுக்கு ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறார்கள்.

7.5 கோடி டாலருக்குச் சற்று மேல் செலவு. உலகம் முழுவதும் சேர்த்து வசூல் சுமார் 73 லட்சம் டாலர். போட்டதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. 2003 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் 2,215 திரையரங்குகளில் வெளியானது. இரண்டாவது வார இறுதியில் வசூல் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மூன்றாவது வார இறுதியில் படம் ஓடியது 73 திரையரங்குகளில். அடுத்த ஆண்டு, மோசமான படங்களுக்கு என்றே தரப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதுகளில் மோசமான படம், நடிகர், நடிகை, இயக்குநர், திரைக்கதை, ஜோடி என்று ஆறையும் அள்ளியது.

இப்போது எண்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இந்தப் படத்துக்கு 6 சதவீதத்தை ஒட்டிய எண் இருக்கிறது. அதைப் பார்த்து, நூற்றுக்கு 6 மார்க் என்று நினைக்கக் கூடாது. அந்தத் தளம் ஒவ்வொரு விமர்சனத்தையும் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. நூறு பேரில் எத்தனை பேர் ஆதரவாகச் சொன்னார்கள் என்பதுதான் அந்தச் சதவீதம். பத்து விமர்சகர்களும் 5க்கு 3 கொடுத்து 'பரவாயில்லை' என்று சொன்ன படத்துக்கு அங்கே 100 சதவீதம் கிடைக்கும். ஆறு பேர் முழு மதிப்பெண் கொடுத்துத் தூக்கி வைத்துக் கொண்டாடி, நான்கு பேர் பிடிக்கவில்லை என்ற படத்துக்கு 60தான் கிடைக்கும். இரண்டில் எந்தப் படம் மனதில் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். எல்லாரும் லேசாகத் தலையாட்டும் படத்துக்கு அந்தக் கணக்கு சாதகம், சண்டை மூட்டும் படத்துக்குப் பாதகம்.

மெட்டாகிரிட்டிக் வேறு மாதிரி. அது ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. 'ஜீலி'க்கு அங்கே 18. சினிமாஸ்கோர் என்பது விமர்சகர்களைக் கேட்பதே இல்லை. படம் வெளியான முதல் நாள் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டு வரும் மக்களிடம் அட்டை கொடுத்து 'ஏ' முதல் 'எஃப்' வரை மதிப்பிடச் சொல்கிறது. முதல் நாளே அடித்துப்பிடித்து வருகிறவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வருகிறவர்கள், அதனால் அங்கே பொதுவாக நல்ல மதிப்பெண்களே விழும். அந்தக் கூட்டமும் 'ஜீலி'க்குக் கொடுத்தது 'டி மைனஸ்'. ஆறு ராஸ்பெரி விருதுகளைவிட இந்த ஒரு மதிப்பெண்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. நட்சத்திரங்களுக்காகவே வந்தவர்கள் ஏமாந்து போயிருக்கிறார்கள்.

எண்கள் 'எவ்வளவு' என்று சொல்லும். 'ஏன்' என்பதற்கு விமர்சனத்தைப் படித்தாக வேண்டும். அதற்கு இந்த வகையின் நடுநரம்பான ஜோடிப் பொருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். கெமிஸ்ட்ரி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

இரண்டு அழகான, பெயர் பெற்ற ஆட்களை ஒரே ஃப்ரேமில் நிறுத்தினால் கெமிஸ்ட்ரி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வருவதில்லை. 'ஜீலி'க்கு ஐந்து வருடம் முன்பு, 1998இல், இதே ஜெனிஃபர் லோபஸ் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'அவுட் ஆஃப் சைட்'டில் நடித்தார். எல்மோர் லெனார்டின் நாவலை வைத்து எடுத்த படம். ஜார்ஜ் க்ளூனி வங்கிக் கொள்ளைக்காரர், ஃப்ளோரிடா சிறையிலிருந்து தப்பிக்கிறார். லோபஸ் அங்கே தற்செயலாக வந்து நிற்கும் ஃபெடரல் மார்ஷல். தப்பிக்கும் அவசரத்தில் இருவரும் ஒரே கார் டிக்கிக்குள் அடைபடுகிறார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இவர், சிவந்த வெளிச்சம், நகர இடமில்லை. போலீஸும் திருடனும் அந்த இருட்டுக்குள் என்ன பேசுகிறார்கள்? சினிமா பேசுகிறார்கள். பார்த்த படங்கள், அவற்றில் வரும் காதல், அது இவ்வளவு சீக்கிரம் நடக்குமா என்கிற சந்தேகம்.

அந்தக் காட்சியை சோடர்பெர்க் முதலில் வெட்டே இல்லாமல் ஒரே நீள ஷாட்டாக எடுத்திருந்தார். வெளியீட்டுக்கு முன் சோதனைக் காட்சி போட்டுப் பார்த்தபோது, அந்த இடத்தில் பார்வையாளர்களின் கவனம் கழன்றுவிட்டது. திரும்பவும் எடுத்தார்கள், இந்த முறை ஷாட்டுகளாகப் பிரித்து. அதே இரண்டு நடிகர்கள், அதே டிக்கி. வெட்டு மாறியதும் கெமிஸ்ட்ரி வந்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை, ஏனென்றால் பொருத்தம் என்பது நடிகர்களின் முகத்தில் மட்டும் இருப்பதில்லை என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. யார் பேசும்போது யாரைக் காட்டுகிறோம், ஒரு பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதை மறைக்கிறார்கள் என்பதில் எல்லாம் அது இருக்கிறது. 'அவுட் ஆஃப் சைட்'டை அமெரிக்காவின் தேசிய விமர்சகர் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் சேர்த்து விருது கொடுத்தது. ஆனால் சுமார் 4.8 கோடி டாலர் செலவான அந்தப் படம் அமெரிக்காவில் 4 கோடியைத் தொடவில்லை. விமர்சகர்களின் வரவேற்பும் வசூலும் வெவ்வேறு பாதையில் போகும் என்பதற்கு இதுவும் சாட்சி.

ஆக, 'ஜீலி' விழுந்ததற்கு 'லோபஸுக்கு நடிக்கத் தெரியாது' என்பது விடையாக இருக்க முடியாது. ஜீலியும் ரிக்கியும் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடத்தப்பட்ட பையன் பக்கத்து அறையில் இருக்கிறான். வெளியே ஆபத்து நெருங்குகிறது என்ற உணர்வே இல்லை. வாக்கன் வரும் காட்சியில் அவர் ஒரு போலீஸ் துப்பறிவாளர். காணாமல் போன பையனைப் பற்றி விசாரிக்க வந்தவர், திடீரென்று இனிப்பையும் ஐஸ்கிரீமையும் சாப்பிடும் ஆசையைப் பற்றித் தன் பாணியில் பேச ஆரம்பித்துவிடுகிறார். தனியாக எடுத்துப் பார்த்தால் ரசிக்கக்கூடிய காட்சி. ஆனால் அவர் போனதும் படத்தில் அவர் வந்த தடயமே இல்லை. பசினோ வரும் காட்சியிலோ ரத்தம் தெறிக்கிறது, அது இன்னொரு தொனி. லூபிச்சின் விருந்து மேசையில் மூன்றும் ஒரே அசைவில் நடந்தன என்றேன். இங்கே அவை ஒவ்வொன்றாக, வரிசையில் நின்று, தங்கள் முறை வரும்போது வந்து போகின்றன.

இந்தச் சிதறலுக்கு ஒரு காரணத்தை அஃப்லெக் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பில் சந்தித்த அவரும் லோபஸும் காதலிக்க ஆரம்பித்தார்கள். இருவர் பெயரையும் ஒட்டிப் பத்திரிகைகள் 'பெனிஃபர்' என்று அழைத்தன. 2002 நவம்பரில் நிச்சயதார்த்தம். அட்டைப்படத்தில் போட்டால் பத்திரிகை விற்றது. அதைப் பார்த்த ஸ்டூடியோ, படத்திலும் இவர்கள் காதலே கூடுதலாக வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. குற்றக் கதையாக யோசிக்கப்பட்ட ஒன்று, பாதியில் காதல் கதையாகத் திருப்பப்பட்டது.

நட்சத்திரத்தை நம்பி எடுக்கும் படத்தின் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நட்சத்திரம் என்பவர் நடிகர் மட்டும் இல்லை. முந்தைய படங்களின் நினைவு, பேட்டிகள், வதந்திகள், வயது, காதல், எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் அவர் திரைக்குள் வருகிறார். புத்திசாலியான திரைக்கதை அதை ஒளித்துவைக்காமல் பயன்படுத்திக்கொள்ளும். 1963இல் 'ஷரேட்' வந்தபோது கேரி கிராண்டுக்கு 59 வயது, ஆட்ரி ஹெப்பர்னுக்கு 34. தன்னைவிட இவ்வளவு இளைய பெண்ணைத் தான் துரத்துவது நன்றாக இருக்காது என்று கிராண்டுக்கே உறுத்தல் இருந்தது. அதனால் படத்தில் அவள்தான் அவரைத் துரத்துகிறாள், அவரோ தன் வயதைச் சொல்லி நழுவுகிறார். சங்கடமாகியிருக்கக்கூடிய விஷயம் சிரிப்பாகிவிட்டது. 'ஜீலி'யில் வெளியுலகக் காதல் படத்துக்குள் வந்தது, ஆனால் கதைக்குள் கலக்கவில்லை.

விமர்சகர்கள் மீதும் எனக்கு இங்கே ஒரு மனத்தாங்கல் உண்டு. அன்றைய எழுத்துகளில் கணிசமானவை படத்தைவிட அந்த ஜோடியைத்தான் விமர்சித்தன. மாதக்கணக்கில் அந்த இருவரையும் எல்லாப் பக்கமும் பார்த்து அலுத்துப்போன கோபம் படத்தின் மேல் இறங்கியது. 'இதுவரை வெளிவந்த படங்களிலேயே மோசமானது' என்ற பட்டம் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இதைவிட அலட்சியமாக எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள் யாருக்கும் தெரியாமல் மறைந்திருக்கின்றன, அவற்றைத் திட்டுவதற்கு யாருக்கும் ஆவல் இல்லை. புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. நான்குக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்தார். படம் முழுதாகக் கைகூடவில்லை என்பதை மறைக்காமல், வழக்கத்துக்கு மாறான ஒன்றை முயன்றிருக்கிறது, சில காட்சிகள் உண்மையாகவே நன்றாக இருக்கின்றன என்று எழுதினார். எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் குரல் காதில் விழவே விழாது.

அதற்காக எல்லாக் குற்றச்சாட்டையும் பெனிஃபர் கணக்கில் எழுதிவிட முடியாது. ரிக்கியின் பாலீர்ப்பைக் கதை ஒரு தடையாக, சரியான ஆண் வந்தால் தாண்டிவிடக்கூடிய வேலியாக வைத்திருக்கிறது. அந்த இளைஞனின் குறைபாட்டைச் சிரிப்புக்கும் உருக்கத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. அன்றைக்கே இவற்றைச் சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. வருடங்கள் போகப் போக வதந்தியின் சத்தம் அடங்கிவிட்டது, இந்தக் கேள்விகள் அடங்கவில்லை. பழைய விமர்சனங்களைப் புரட்டும்போது நான் இதைத்தான் தேடுவேன்: படம் வந்த வாரத்துக்கு மட்டும் பொருந்தும் எரிச்சல் எது, இன்றைக்கு அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கிறவருக்கும் தெரியக்கூடிய குறை எது.

இன்னொரு திசையில் போன படத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஜானி டெப்பும் ஏஞ்சலினா ஜோலியும் நடித்த 'தி டூரிஸ்ட்'. இதுவும் வெனிஸில்தான் நடக்கிறது. இருவருக்கும் நடுவே எந்தப் பொறியும் இல்லை என்று பெரும்பாலான விமர்சகர்கள் கைவிரித்தார்கள். ராட்டன் டொமேட்டோஸில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனாலும் உலகம் முழுவதும் சுமார் 27.8 கோடி டாலர் வசூல். அப்புறம் கோல்டன் குளோப் விருதுக்கு, அதுவும் இசை மற்றும் நகைச்சுவைப் பிரிவில், சிறந்த படம், நடிகர், நடிகை என்று மூன்று பரிந்துரைகள். த்ரில்லராகப் பார்த்தவர்களுக்கு அது நகைச்சுவைப் பிரிவில் வந்தது வியப்பாக இருந்தது. இரண்டு பெரிய முகங்களும் ஓர் அழகான நகரமும் இருந்தால், விமர்சகர்கள் என்ன சொன்னாலும் போய்ப் பார்க்க உலகெங்கும் ஆள் உண்டு. ஏழு வருடம் முன்பு வந்த இன்னொரு நட்சத்திர ஜோடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

'ஜீலி'யின் நட்சத்திரங்கள் இருவரும் மீண்டுவிட்டார்கள். அஃப்லெக் இயக்கி நடித்த 'ஆர்கோ' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. லோபஸ் பாட்டிலும் படத்திலும் தொடர்ந்தார். மார்ட்டின் பிரெஸ்ட் மட்டும் அதற்குப் பிறகு ஒரு படமும் இயக்கவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம், ஏனென்றால் இந்த வகையின் மிகக் கடினமான வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. அவர் 1988இல் எடுத்த 'மிட்நைட் ரன்' பாருங்கள். ராபர்ட் டி நீரோ, ஜாமீனில் வந்து தலைமறைவானவர்களைப் பிடித்துக் கொடுக்கிறவர். சார்லஸ் க்ரோடின், தாதாவின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய கணக்கர். குற்றம் இருவரையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது, வழி நெடுகச் சண்டை, சிரிப்பு, துப்பாக்கிகள். காதல் இல்லை, ஆனால் இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரை ஒருவர் மதிக்கத் தொடங்குவது அப்படியே ஒரு காதல் கதையின் நடையில் போகிறது. டி நீரோ கையில் ஓடாத கடிகாரம் ஒன்று இருக்கிறது, பிரிந்துபோன மனைவி கொடுத்தது. படம் முழுக்க அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடிவில் விமான நிலையத்தில் அதைக் கழற்றி க்ரோடினிடம் கொடுத்துவிடுகிறார்.